திட்டம் ஒருவர் கையில், குழந்தை இன்னொருவர் கையில்

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வீட்டில் அளிக்கப்படும் ஏபிஏ என்னும் நடத்தைப் பயிற்சி இரண்டு அடுக்குகளாக நடக்கிறது. மேல் அடுக்கில் இருப்பவர் நடத்தைப் பகுப்பாய்வாளர். முதுநிலைப் பட்டமும், பொதுவாக 2,000 மணி நேரக் களப்பயிற்சியும் முடித்தவர். குழந்தையை மதிப்பிட்டுத் திட்டம் வகுப்பது அவர் பொறுப்பு. அந்தத் திட்டத்தோடு வாரத்தில் பல நாள் வீட்டுக்கு வந்து குழந்தையோடு உட்காருபவர் பிஹேவியர் டெக்னீஷியன். இவருக்கான பதிவுச் சான்றிதழை நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் 2014-இல் கொண்டுவந்தது. 18 வயது, பள்ளி இறுதிப் படிப்பு, 40 மணி நேரப் பயிற்சி, ஒரு திறன் மதிப்பீடு, பின்னணிச் சோதனை, ஒரு தேர்வு ஆகியவை அதற்குப் போதும். இன்று இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம் எளிமையானது: யோசிக்க வேண்டியவர் பகுப்பாய்வாளர், டெக்னீஷியன் எழுதியதைப் பிசகாமல் செய்தால் போதும், அதற்கு 40 மணி நேரப் பயிற்சி தாராளம். ஏபிஏ பற்றிய சர்ச்சைகளில் பரிசு, தண்டனை, இலக்குகள் என்று பலவும் பேசப்படுகின்றன. இந்த வாதம் மட்டும் கேள்விக்கு உள்ளாகாமல் தப்பிவிடுகிறது. வீட்டுப் பயிற்சியின் அடிப்படைக் கோளாறு இதில்தான் இருக்கிறது.

வீட்டுப் பயிற்சியின் நன்மைகள் உண்மையானவை. பல் துலக்குவது, சட்டை மாட்டுவது, பசித்தால் படத்தைக் காட்டிக் கேட்பது போன்றவை பயன்படும் இடத்திலேயே கற்றால் நிலைக்கும். பெற்றோர் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்கிறார்கள். பேச்சே வராத ஒரு குழந்தை ‘தண்ணீர் வேண்டும்’ என்று ஏதாவது ஒரு வழியில் முதன்முறை கேட்கும்போது, அந்த வீட்டின் அன்றாடமே மாறிவிடுகிறது. இதைச் சாதித்துக் காட்டிய டெக்னீஷியன்கள் ஏராளம்.

இந்த அமைப்பின் வேர் லாஸ் ஏஞ்சலஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உள்ளது. அங்கே ஐவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சராசரி அறிவுத்திறனோடு வழக்கமான முதல் வகுப்பை முடித்ததாகச் சொல்லப்பட்டது. பயிற்சி அளித்தவர்கள் மாணவர்கள். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தொடையில் அடிப்பதும் முறையில் ஒரு பகுதியாக இருந்தது. அடிப்பது பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் இரண்டு செய்திகள் மட்டும் தங்கிவிட்டன: அதிக மணி நேரம் வேண்டும், அதை அதிகம் படிக்காதவரே தரலாம். அந்த மாணவர்கள் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழுவின் கண்காணிப்பில் வேலை செய்தவர்கள் என்பது மறக்கப்பட்டது.

இன்றைய கண்காணிப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டெக்னீஷியன் ஒரு மாதத்தில் சேவை தரும் நேரத்தில் குறைந்தது 5 விழுக்காடு மேற்பார்வை இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. வாரம் 20 மணி நேரம் என்றால் மாதம் 80. அதில் மேற்பார்வை 4 மணி நேரம். மீதி 76 மணி நேரம் அவரும் குழந்தையும்தான். இந்த 5 விழுக்காடும் குழந்தைவாரியாகக் கணக்கிடப்படுவதில்லை. டெக்னீஷியனின் மொத்த நேரத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. நான்கைந்து வீடுகளுக்குப் போகிறவர் விஷயத்தில், ஏதாவது ஒரு வீட்டை அந்த மாதம் யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டாலும் விதி நிறைவேறிவிடும். முடிதிருத்தும் உரிமத்துக்கே ஆயிரம் மணி நேரப் பயிற்சி கேட்கும் மாநிலங்கள் உள்ள நாட்டில், பேச முடியாத குழந்தையோடு தனித்திருக்க 40 மணி நேரம் போதும் என்பதை ஏற்க முடியாது.

ஒரு வழக்கமான மாலை அமர்வில் இது எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். தாழ்வான மேசையில் மூன்று பட அட்டைகள். ‘நாயைத் தொடு’ என்கிறார் டெக்னீஷியன். சரியாகத் தொட்டால் ஒரு டோக்கன். ஐந்து சேர்ந்தால் சிறிது நேரம் டேப்லெட். குழந்தை அட்டைகளைத் தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போகிறது. திட்டத்தில் இதற்குப் பெயர் ‘தப்பித்தல்’. தப்பிக்க விட்டால் பழக்கம் வலுப்படும் என்பதால், குழந்தையைத் திரும்ப அழைத்து, தேவைப்பட்டால் கையைப் பிடித்து, அதே கட்டளையை முடிக்க வைக்கச் சொல்லும் திட்டங்கள் பல. பக்கத்து அறையில் துணி உலர்த்தும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் இப்படி ஆகிறது என்பதை மூன்றாம் நாளே கவனிப்பவர் டெக்னீஷியன்தான். ஆனால் அவர் நிரப்பும் படிவம் கேட்பது எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதைத்தான். இயந்திரத்தின் சத்தத்தை அவர் குறிப்பில் எழுதலாம். திட்டத்தை மாற்ற முடியாது.

காப்பீட்டுக் கட்டண முறையே இந்தப் பிரிவை உறுதிப்படுத்துகிறது. 97153 என்ற குறியீடு திட்டப்படி டெக்னீஷியன் நடத்தும் பயிற்சிக்கு உரியது. திட்டத்தை மாற்றியமைக்கும் பணிக்கு 97155 என்ற வேறு குறியீடு, அது பகுப்பாய்வாளருக்கு உரியது. இரண்டும் 15 நிமிட அலகுகளில் கணக்கிடப்படுகின்றன. குழந்தையை அதிகம் பார்ப்பவருக்குத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. தீர்மானிப்பவர் குழந்தையைப் பார்ப்பது அரிது. இந்த இடைவெளியில் குழந்தையின் ‘வேண்டாம்’ என்ற சொல், சொல்லாகக் கேட்கப்படாமல் எண்ணிக்கையாகப் பதிவாகிறது. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ‘ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்’ போன்ற அமைப்புகள் ஏபிஏ-யை எதிர்ப்பதற்கான காரணங்களில், மறுக்கும் உரிமை பயிற்சியால் அழிக்கப்படுகிறது என்பதும் ஒன்று. திட்டத்தை எழுதியபடி நடத்துவதையே நேர்மையாகக் கருதும் அமைப்பிடம் இதற்குப் பதில் இல்லை.

2019-க்குள் 50 மாநிலங்களும் ஆட்டிசத்துக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கின. தேவை பெருகியது, அதை ஈடுகட்ட எளிதான வழி, கீழ் அடுக்கை அகலமாக்குவது. இந்தியானா மாநிலம் 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஏபிஏ சேவைக்காக மெடிக்கெய்ட் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியே குறைந்தது 5.6 கோடி டாலரை முறையின்றிச் செலுத்தியதாக மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2024-இல் அறிவித்தது. அமர்வுக் குறிப்புகளில் இருந்த குறைகள் அதற்கு ஒரு காரணம். அதே ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கு வலுவான ஆதாரத்தைக் காணவில்லை. மணி நேரத்தை விற்கும் அமைப்பு நிற்பது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

டெக்னீஷியனும் இதில் இழப்பவரே. மணிக்கணக்கில் கூலி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அமர்வு ரத்தானால் பல இடங்களில் அன்றைய வருமானமும் போய்விடும். கடியும் அடியும் வாங்கி, சொந்தக் கணிப்புக்கு மதிப்பில்லாமல் உழைப்பவர் சீக்கிரம் வேறு வேலைக்குப் போகிறார். மாற்றங்களைத் தாங்கச் சிரமப்படும் குழந்தை மறுபடியும் ஒரு புது முகத்தோடு தொடங்க வேண்டியிருக்கிறது. குழந்தையைப் பற்றி முந்தையவர் அறிந்து வைத்திருந்தது எந்தப் படிவத்திலும் இல்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பயிற்சி நேரம் பல மடங்காக வேண்டும். அதில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் அனுபவமும் பாடமாக வேண்டும். மேற்பார்வை ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். குழந்தை துன்பப்படுவதைக் கண்டால் பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரம் டெக்னீஷியனுக்குத் திட்டத்திலேயே எழுதித் தரப்பட வேண்டும். பகுப்பாய்வாளரோடு உட்கார்ந்து பேசும் நேரத்துக்கும் அவருக்குக் கூலி வேண்டும். இவை நடக்காதவரை, எந்தக் குழந்தைக்கும் வாரம் 40 மணி நேரம் என்று பரிந்துரைக்கும் தகுதி இந்தத் தொழிலுக்கு இல்லை.