நாயாற்று உப்புக் காற்றில் ஒரு கொம்பிரசர்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதி நாயாற்றில் ஒருபுறம் களப்பையும் மறுபுறம் கடலையும் வைத்துக்கொண்டு செல்கிறது. வாடைக் காலத்தில் காற்று உப்பையும் ஈரத்தையும் கொண்டுவரும். சோளகம் தொடங்கினால் மணலும் தூசியும் சேரும். இந்தக் காற்றைத்தான் கொம்பிரசர் உறிஞ்சி, ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, இரும்புத் தாங்கிக்குள் அடைக்கிறது. ஆகவே இந்தக் கரையில் ஒரு கொம்பிரசர் நல்லதா என்று கேட்டால் முதலில் தாங்கியைத்தான் பார்க்க வேண்டும்.

நான் பாவித்துப் பார்த்தது 2 குதிரைவலு மோட்டர், இரட்டைச் சிலிண்டர், பெல்ற், 100 லீற்றர் தாங்கி கொண்ட வகை. 8 பார் வரை, அதாவது ஏறத்தாழ 116 பிஎஸ்ஐ வரை ஏற்றும். படகு எஞ்சின் காபரேற்றரின் ஜெற்றில் அடைத்த அழுக்கை ஊதி எடுக்க, பைபர் படகின் ஒட்டுக்கு மேல் நிறம் விசிற, லாண்ட்மாஸ்ரர் தொடங்கி முச்சக்கர வண்டி வரை ரயருக்குக் காற்றடிக்க என்று கரையோரக் கராஜ் ஒன்றின் எல்லா வேலைக்கும் கொடுத்துப் பார்த்தேன்.

வேலை எப்படி?

வெறும் தாங்கி ஐந்து நிமிடமளவில் நிரம்புகிறது. 8 பாரில் தானாக நின்று, 6 பாருக்கு இறங்கியதும் மீண்டும் ஓடுகிறது. ரயருக்கும் ஊதித் துடைப்பதற்கும் இது தாராளம். நிறம் விசிறும்போதும் சமாளிக்கிறது. காற்றில் ஓடும் கிரைண்டரைப் பூட்டினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. மோட்டர் நிற்காமல் ஓட, சிலிண்டர் தலை கொதிக்கிறது. அந்த வேலைக்கு மின்சாரக் கிரைண்டரே போதும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 24 லீற்றர் ரகத்தில் மோட்டரும் பம்பும் நேரடியாக இணைந்திருக்கும். அது நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும். சத்தமும் சூடும் அதிகம். பெல்ற் ரகத்தின் பம்பு அதில் பாதி வேகம்கூட ஓடுவதில்லை. தேய்மானம் குறைவு, திருத்துவதும் சுலபம். வீட்டுக்குச் சின்னது போதும். நாள் முழுக்க வேலை இருக்கும் இடத்துக்குப் பெல்ற் ரகம்தான் சரி.

மின்சாரத்தில் ஒரு கவனம் வேண்டும். இந்த மோட்டர் ஓடும்போது 10 அம்பியர் அளவில் இழுக்கும்; தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. மெல்லிய நீட்டுக் கம்பியில் பூட்டினால் மின்னழுத்தம் விழுந்து மோட்டர் முனகும், கடைசியில் எரியும். கொம்பிரசரைப் பிளக்குக்குக் கிட்ட வைத்துக் காற்றுக் குழாயை நீட்டுங்கள். கம்பியை நீட்டியே ஆகவேண்டுமென்றால் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத, நிலக்கம்பியோடு கூடிய வயர் போடுங்கள்.

தாங்கிக்குள் தண்ணீர்

30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். வாடைக் காலத்து நாயாற்றுக் காற்றில் அதில் பெரும்பகுதி எப்போதும் இருக்கும். அதை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி ஆறவிட்டால் 3 கிராமளவுதான் ஆவியாக நிற்கும். மிச்சம் இருபது கிராமளவும் தண்ணீராகித் தாங்கியின் அடியில் தங்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை வெறும் தாங்கி நிரம்பும் அளவு காற்றை ஏற்றினால் அரைத் தம்ளருக்கு மேல் தண்ணீர் சேரும். உப்புக் காற்றில் வந்த தண்ணீர் என்பதால் இரும்பை விரைவாகத் தின்னும். வெளியே நிறம் பளபளக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும்.

மருந்து எளிது. நாளாந்தம் வேலை முடிந்ததும் மின்சாரத்தைப் பிடுங்கி, காற்றை 1 பாரளவுக்கு இறக்கி, அடித் திருகைத் திறந்துவிட வேண்டும். முதலில் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் சீறிக்கொண்டு வரும், பிறகு தெளியும், கடைசியில் வெறும் காற்று வரும். அப்போது மூடலாம்.

இந்த இயந்திரத்தில் எனக்குப் பிடிக்காத இடமும் இதுதான். திருகு தாங்கியின் வயிற்றுக்கு நேர் கீழே இருக்கிறது. நிலத்தில் படுத்துக் கைவிட்டால்தான் எட்டும். எட்டாத திருகை யாரும் தினமும் திறக்க மாட்டார்கள். காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, திருகைக் கழற்றி, ஒரு முழங்கை இணைப்பும் சிறிய இரும்புக் குழாயும் பூட்டி, நுனியில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கைபிடி வால்வு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செலவு சொற்பம், தாங்கிக்கு ஆயுள் கூடும்.

தாங்கியில் ஊசித் துளை விழுந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. பைபர் பசை கைவசம் இருக்கும் கரை இது. பூசி அடைத்துவிடலாம் என்று கை துடிக்கும். வெல்டிங் செய்யலாம் என்றும் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். ஒரு துளை தெரிகிறதென்றால் அதைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்துவிட்டது. 100 லீற்றர் தாங்கியில் 8 பாரில் அடைத்த காற்று வெடித்தால், ஒரு தொன் எடையை ஐந்து மீற்றருக்கு மேல் தூக்கும் அளவு சக்தி ஒரே கணத்தில் வெளிவரும்.

அந்த வெடிப்பைத் தடுக்க இருப்பது பாதுகாப்பு வால்வு. உப்பு பிடித்தால் அது இறுகிவிடும். கிழமைக்கு ஒருமுறை வளையத்தை இழுத்துப் பாருங்கள். சட்டென்று சீறி, விட்டதும் மூட வேண்டும். ஒழுகுகிறது என்று அதற்கு மூடி போடுவது உயிரோடு விளையாடுவது. பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி, நீர் வெளியேற்றும் வழி ஆகியவை காற்றுத் தாங்கிக்குக் கட்டாயம் என்பதை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது.

மற்றப் பராமரிப்பு

ஒயில் கண்ணாடியின் சிவப்புப் புள்ளி அளவில் நிற்க வேண்டும். பால் நிறமாக மாறினால் தண்ணீர் கலந்துவிட்டது; உடனே மாற்றுங்கள். எஞ்சின் ஒயில் அல்ல, கொம்பிரசர் ஒயில்தான் ஊற்ற வேண்டும். சோளகக் காலத்தில் காற்று வடிகட்டியைக் கிழமைக்கொருமுறை கழற்றித் தட்டுங்கள். பெல்ற்றின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றரளவு தாழ வேண்டும். பெல்ற் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். சாரத்தின் நுனியை அது ஒருபோதும் விடாது.

காற்றை எடுத்துச் செல்ல வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் பிவிசி குழாய் வேண்டாம். வெயிலில் காய்ந்த பிவிசி அழுத்தத்தில் சில்லுச் சில்லாக வெடிக்கும்.

உடம்பும் காற்றும்

ஊதித் துடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அந்த வேலைக்கு அழுத்தம் 30 பிஎஸ்ஐக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. உடுப்பில் படிந்த தூசியை இதால் ஊதாதீர்கள். காயத்தின் வழியே காற்று இரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டாக ஒருவரின் உடம்பில் குழாயை வைத்துக் குடல் கிழிந்து இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. கராஜில் நிற்கும் இளம் பெடியளுக்கு முதல் நாளே இதைச் சொல்லி வையுங்கள்.

கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடும் கரைகளில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கொம்பிரசரில் குழாயை மாட்டி யாரும் கடலுக்குள் இறங்கக்கூடாது. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பிய நியமம் காபன் மொனொக்சைட்டைப் பத்து இலட்சத்தில் 5 பங்குக்குள்ளும், ஒயிலை ஒரு கன மீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குள்ளும் கட்டுப்படுத்துகிறது. கராஜ் கொம்பிரசரில் அதற்கான வடிகட்டி எதுவும் இல்லை. சூடேறிய ஒயிலிலிருந்தும், பக்கத்தில் ஓடும் பெற்றோல் எஞ்சினின் புகையிலிருந்தும் அந்த நச்சு வாயு காற்றோடு கலந்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 10 மீற்றர் ஆழத்தில் சுற்றியுள்ள அழுத்தம் இரட்டிப்பாகும். நஞ்சின் வேகமும் கூடவே இரட்டிக்கும்.

வாங்கலாமா?

வாங்கலாம். வேலைக்கு நம்பகமான, உள்ளூரிலேயே திருத்தக்கூடிய இயந்திரம். தனியாக வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை வாங்கி எல்லோருக்குமாக வைத்திருப்பது நல்லது. அப்படி வைத்தால் பொறுப்பை ஒருவரின் பெயரில் எழுதிக் கொடுங்கள். பொதுச் சாமானின் அடித் திருகை எல்லோரும் மற்றவர் திறப்பார் என்று விட்டுவிடுவார்கள். பழைய தாங்கியைப் பேரம் பேசி வாங்காதீர்கள். அதன் உள்ளே எவ்வளவு துரு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மோட்டரும் பம்பும் பழையதாக இருக்கலாம், தாங்கி மட்டும் புதிதாக, பாதுகாப்பான அழுத்தம் எவ்வளவு என்று பொறித்த தகட்டோடு இருக்கட்டும்.