துறவியின் அறையும் வங்கியாளரின் அறையும்

பிரா அஞ்செலிக்கோவின் ஓவியங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரது பக்தியில் தொடங்கிப் பக்தியிலேயே முடித்துவிடுகின்றனர். சிலுவைக் காட்சியைத் தீட்டும்போதெல்லாம் அவர் கண்ணீர் விட்டாரென 16 ஆம் நூற்றாண்டில் வசாரி எழுதிய கதை இன்றும் விமர்சனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புளோரன்ஸ் நகரின் சான் மார்க்கோ மடத்தில் அவர் வரைந்த சுவரோவியங்களை, அவற்றைத் தோற்றுவித்த சமூக உறவுகளோடு சேர்த்து நோக்குவதே இங்கு நமது முயற்சி.

1436 இல் பாப்பரசர் நான்காம் யூஜின் இம்மடத்தைத் தொமினிக்கன் துறவிகளிடம் ஒப்படைத்தார். அதனைப் புதுப்பிக்கும் செலவை ஏற்றவர் வங்கியாளர் கொசிமோ டி மெடிச்சி. வட்டியைத் திருச்சபை பாவமென விலக்கியிருந்த காலம் அது. தாம் சேர்த்த செல்வம் மனச்சாட்சியை உறுத்தியபோது, பரிகாரமாக இத்திருப்பணியைப் பாப்பரசரே அவருக்குச் சுட்டினாரென்று சமகாலத்தவரான வெஸ்பசியானோ குறித்துள்ளார்.

மேல்மாடியிலே நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. கொசிமோ தமக்கென வைத்துக்கொண்டது இரட்டை அறை. அதன் சுவரில் மூவிராசாக்கள் பரிவாரத்துடன் யேசு பாலனை வணங்க வருகின்றனர். செல்வமும் அதிகாரமும் மண்டியிட்டால் மீட்புப் பெறலாமென்பது ஒரு வங்கியாளருக்கு எத்துணை ஆறுதலான செய்தி! மடத்துக் கோயிலின் பீட ஓவியத்திலும் மெடிச்சி குடும்பத்தின் பாதுகாவலர்களான புனிதர் கோஸ்மாவும் தமியானுமே முன்னிலையில் முழந்தாளிட்டிருக்கின்றனர்.

ஆயின், புரவலனைக் கண்டுகொண்டதும் கலையையே விளங்கிக்கொண்டதாக எண்ணுவது நம்மிற் சிலர் செய்யும் தவறு. ஏழாம் அறையை நோக்குவோம். கண் கட்டப்பட்ட யேசுவைச் சூழ உடலற்ற கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. ஒரு கை கோலை ஓங்குகிறது. ஒரு தலை மட்டும் தோன்றி உமிழ்கிறது. கீழே புனித தொமினிக்கு நூலொன்றில் ஆழ்ந்திருக்கிறார். இதற்கும் பணம் கொடுத்தவர் அதே கொசிமோதான். எனினும் இதில் அவரைத் தேற்றும் எதுவுமில்லை. இதனை நாள்தோறும் பார்த்துத் தியானிக்கவேண்டியவர் உடைமையெதுவுமற்ற ஒரு துறவி. கதையை நிகழ்த்திக் காட்டும் தேவை அங்கில்லை. துன்புறுத்தலின் குறிகளே போதுமாயின. இவ்வெளிமை ஓவியரின் கண்ணீரிலிருந்து மட்டும் பிறந்ததன்று, பயன்பாட்டிலிருந்தும் பிறந்தது. கொடுத்தவன் யாரெனக் கேட்கும் விமர்சகன், பார்த்தவன் யாரெனவும் கேட்டாகவேண்டும்.

பின்வந்த வரலாறும் இவ்விரு வகைப் படைப்புகளை வெவ்வேறாகவே நடத்தியது. பீட ஓவியத்தின் அடிவரிசைப் பலகைகள் மியூனிச், வாஷிங்டன், டப்ளின், பாரிஸ் எனச் சிதறின. அறை ஓவியங்கள் சுவரோடு ஒன்றியவையாதலால் அவ்விடத்திலேயே எஞ்சின. 1866 இல் இத்தாலிய அரசு மடத்தைக் கையகப்படுத்தியது. 1869 இல் அது அரும்பொருட் காட்சியகமாயிற்று. ஒருவனுக்கென வரையப்பட்ட ஓவியத்தை இன்று நுழைவுச்சீட்டுப் பெற்றோர் அறை வாசலில் நின்று பார்த்துச் செல்கின்றனர்.