மேசைமேல் இருந்த நூல்: அகுஸ்தீனின் "அறிக்கைகள்" காட்டும் வாசிப்பும் பரிந்துரையும்

நம் கல்லூரியில் பயின்று, இப்போது சிற்றூர்ச் சேகரம் ஒன்றில் திருப்பணியாற்றும் இளம் போதகர் ஒருவர், சென்ற ஆண்டு லெந்து நாட்களில் நமக்கொரு மடல் எழுதினார். "ஐயா, தாங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நூல் எது? பட்டியல் வேண்டாம், கையில் இருக்கும் நூலை மட்டும் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். மூன்று வாரமாக அம்மடலுக்கு நாம் விடை எழுதவில்லை. எழுத இயலவில்லை என்பதே உண்மை. நம் மேசைமேல் இருந்தவை திருத்தப்படாத விடைத்தாள்கள், குழுக்கூட்டக் குறிப்புகள், மறுநாள் வகுப்புக்கெனப் பக்கம் குறித்து வைத்திருந்த விளக்கவுரை ஒன்று ஆகியவையே. பாடத்திற்கென்றும் பிரசங்கத்திற்கென்றும் இன்றி, நம் ஆன்மாவின் தேவைக்கென்றே எடுத்து வாசித்த நூல் ஒன்றும் அங்கில்லை.

பட்டியல் வேண்டாம் என்று அவர் எழுதியதற்கும் காரணம் உண்டு. அவர் பட்டம் பெற்றுச் சென்றபோது, போதகர் வாசிக்கவேண்டிய நூல்கள் என்று நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை நாமே அவருடைய வகுப்பாருக்குக் கொடுத்திருந்தோம். அந்நாற்பதில் நாம் முழுவதும் வாசித்தவை பாதிக்கும் குறைவு. சிலவற்றில் முன்னுரைக்கு அப்பால் நாம் சென்றதேயில்லை. அவர் இதனை அறிந்திருந்தாரோ இல்லையோ, நாம் அறிந்திருந்தோம்.

இந்நிலையில், திருச்சபை வரலாற்று வகுப்பில் ஆண்டுதோறும் தேர்வின்பொருட்டு நாம் நடத்திவரும் அகுஸ்தீனின் "அறிக்கைகள்" என்னும் நூலை, அம்மடலின் வினாவை மனத்திற்கொண்டு மீண்டும் எடுத்தோம். ஒரு மனிதரின் மனமாற்ற வரலாறு என்று நாம் கற்பித்துவந்த அந்நூல், மனிதர் தாம் வாசித்ததைப் பிறருக்கு எடுத்துச் சொன்ன வரலாறாகவும் அமைந்திருப்பதைக் கண்டோம். அதனை உடனூழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துணையின்றி வந்த நூல்கள்

ஹிப்போ நகரின் பேராயராகப் பொறுப்பேற்ற சில ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ கி.பி. 397இல், அகுஸ்தீன் இந்நூலை எழுதத் தொடங்கினார். இதன் பதின்மூன்று புத்தகங்களுள் முதல் ஒன்பதும் அவருடைய வாழ்க்கையைக் கூறுகின்றன. பத்தொன்பதாம் வயதில், கார்த்தேஜில் சொற்பொழிவுக் கலை பயில்கையில், சிசெரோவின் "ஹொர்த்தேன்சியுஸ்" அவர் கைக்கு வந்தது. பாடத்திட்டத்தின் வரிசைப்படி வந்த நூல் அது. இன்று முழுமையாகக் கிடைக்காத அந்நூல் அவருள் ஞானத்தின்மேல் தீராத வேட்கையை எழுப்பியது. ஆகவே பாடத்திட்டத்தை நாம் இகழ வேண்டுவதில்லை.

அவ்வேட்கையோடு அவர் திருமறையை எடுத்தார். சிசெரோவின் நடைக்கு முன் அதன் நடை எளியதாய்த் தோன்றவே, கீழே வைத்துவிட்டார். அப்போது அருகிருந்து, "நான் இதனை இவ்வாறு வாசித்தேன்" என்று சொல்ல ஒருவரும் இருந்ததாக அவர் எழுதவில்லை. அதன்பின் மானிகேயரோடு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

மானிகேயரின் ஆசிரியராகிய ஃபவுஸ்துஸைப்பற்றி ஐந்தாம் புத்தகம் கூறுவதை இம்முறை நாம் சற்று வெட்கத்தோடு வாசித்தோம். ஐயங்களையெல்லாம் அவர் தீர்ப்பார் என்று தோழர்கள் சொல்லியிருந்தனர். அவர் வந்தார்; இனிமையாகப் பேசினார். ஆனால் அவர் வாசித்திருந்தவை சிசெரோவின் சில உரைகள், செனக்காவின் ஒருசில நூல்கள், சில கவிதைகள், தம் மார்க்கத்தாரின் நூல்களுட் சில ஆகியவை மட்டுமே. வானியல்பற்றி அகுஸ்தீன் வினவியபோது, தமக்குத் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அகுஸ்தீன் அவருடைய போதனையில் நம்பிக்கை இழந்தார். அந்த அடக்கத்தையோ மதித்துப் பாராட்டினார். அதன்பின் இருவரும் சேர்ந்து இலக்கிய நூல்களை வாசித்தனர். வாசியாததை வாசியாததாகவே ஒப்புக்கொண்ட வகையில், நாற்பது பெயர் எழுதிக்கொடுத்த நம்மிலும் ஃபவுஸ்துஸ் நேர்மையாளர்.

2. அம்புரோஸ் சொன்னதும் சொல்லாததும்

384ஆம் ஆண்டு அகுஸ்தீன் மிலான் நகருக்கு வந்தார். அந்நகரின் பேராயராகிய அம்புரோஸ் வாய்திறவாது வாசித்துக்கொண்டிருந்த காட்சி ஆறாம் புத்தகத்தில் வருகிறது. எவரும் தடையின்றி உள்ளே செல்லலாம். சென்றவர்கள், அவருடைய கண்கள் ஏட்டின்மேல் செல்வதையும் குரல் எழாதிருப்பதையும் கண்டு, சற்று நேரம் அமர்ந்திருந்து, இடையூறு செய்ய மனமின்றித் திரும்புவார்கள். மௌன வாசிப்பின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியைத் தவறாமல் எடுத்துக்காட்டுவர். நம் வினாவோடு வாசிக்கையில் வேறொன்று புலப்படுகிறது. அம்புரோஸ் அப்போது என்ன நூல் வாசித்தார் என்பதை அகுஸ்தீன் நமக்குச் சொல்லவில்லை. கேட்கவேண்டிய ஐயங்கள் அவருக்கு நிறைய இருந்தன. கேட்கும் நேரம் வாய்க்கவில்லை.

அம்புரோஸின் பிரசங்கங்கள் பழைய ஏற்பாட்டைப்பற்றிய அவருடைய இடறல்களை நீக்கின என்பதை மறக்கலாகாது. அந்தக் கடன் பெரிது. ஆயினும் ஒன்பதாம் புத்தகத்தில் வரும் சிறு செய்தி ஒன்று போதகராகிய நமக்கு முக்கியமானது. மனமாற்றத்துக்குப்பின், திருமுழுக்குக்கு ஆயத்தமாகத் திருமறையில் எதனை வாசிக்கலாம் என்று அகுஸ்தீன் அம்புரோஸுக்கு எழுதிக் கேட்டார். ஏசாயாவை வாசிக்கும்படி அவர் அறிவுறுத்தினார். நற்செய்தியையும் புறஜாதியாரின் அழைப்பையும் மற்றெவரினும் தெளிவாக முன்னறிவித்தவர் ஏசாயா என்பது காரணமாயிருக்கலாம் என்று அகுஸ்தீன் கருதுகிறார். எடுத்துப் படித்தார், தொடக்கப் பகுதியே விளங்கவில்லை. நூல் முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்றெண்ணி, கர்த்தருடைய மொழியில் தேர்ச்சி பெற்றபின் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்.

பரிந்துரைத்தவர் திருச்சபையின் பெருந்தூண்களுள் ஒருவர். பரிந்துரைக்கப்பட்டது தீர்க்கதரிசனங்களுள் சிகரம். கேட்டவரோ அக்காலத்தின் கூர்மதியாளர். அப்படியிருந்தும் பரிந்துரை அப்போது பலிக்கவில்லை. அகுஸ்தீன் எவரையும் குறை கூறவில்லை. நாமும் அம்புரோஸைக் குற்றப்படுத்த வரவில்லை. ஆனால் நூலின் பெயர் சென்றது. அதனை வாசிக்கும் வழி கூடச் சென்றதாக நூலில் குறிப்பில்லை. நம் பட்டியல்களும் இப்படியே செல்கின்றன. கைபேசி வழியாக நாள்தோறும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் நூற்கோப்புகளும் இப்படியே செல்கின்றன; அனுப்புகிறவரே அவற்றைத் திறந்து பார்ப்பது அரிது.

3. சிம்பிளிசியானும் பொந்திசியானும்

எட்டாம் புத்தகத்தில் இதற்கு மாறான இருவரைக் காண்கிறோம். முதல்வர் சிம்பிளிசியான் என்னும் முதிய குரு. பிற்காலத்தில், 397இல், அம்புரோஸுக்குப்பின் மிலான் பேராயரானவர். அவரிடம் அகுஸ்தீன், விக்தோரீனுஸ் இலத்தீனில் பெயர்த்த பிளேட்டோ நெறியாளரின் நூல்களைத் தாம் வாசித்ததாகச் சொன்னார். "அதை விட்டுவிட்டு இதை வாசி" என்று முதியவர் சொல்லவில்லை. வேறு தத்துவ நூல்களில் விழாமல் இவற்றை வாசித்ததற்காக அவரைப் பாராட்டினார். பின்பு அம்மொழிபெயர்ப்பாளரைத் தாம் நேரில் அறிந்திருந்ததைச் சொல்லத் தொடங்கினார். உரோமையில் சிலை வைத்துச் சிறப்பிக்கப்பட்ட பேராசிரியராகிய விக்தோரீனுஸ், திருமறையை ஆராய்ந்து உள்ளத்தில் கிறிஸ்தவராகி, அதனை வெளிப்படுத்த நெடுநாள் தயங்கி, இறுதியில் சபை முழுவதற்கும் முன்பாக விசுவாச அறிக்கை செய்த வரலாறு அது. வாசகரின் கையில் ஏற்கெனவே இருந்த நூலிலிருந்தே சிம்பிளிசியான் தொடங்கினார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இரண்டாமவர் பொந்திசியான், ஆப்பிரிக்க நாட்டவர், அரண்மனையில் உயர்பதவி வகித்தவர், விசுவாசி. 386ஆம் ஆண்டு ஒருநாள் ஏதோ அலுவலாக அகுஸ்தீனின் இல்லத்துக்கு வந்தார். அங்கிருந்த விளையாட்டு மேசைமேல் ஒரு நூல் கிடந்தது. சொற்பொழிவுக் கலை கற்பிப்பவரின் தொழில் நூலாயிருக்கும் என்றெண்ணி எடுத்துப் பார்த்தார். அது அப்போஸ்தலனாகிய பவுலின் நிருபங்களாயிருந்தது. புன்முறுவலோடு வியந்தார். அகுஸ்தீன் தாம் அவற்றை ஊன்றி வாசித்துவருவதாகச் சொல்லவே, உரையாடல் தொடங்கியது.

பொந்திசியான் எகிப்தின் அந்தோனியாரைப்பற்றிப் பேசினார். அகுஸ்தீனும் நண்பர் அலிப்பியுஸும் அதுவரை அப்பெயரைக் கேட்டதேயில்லை. பின்பு திரியர் நகரில் தம் தோழர் இருவருக்கு நேர்ந்ததைச் சொன்னார். அவர்கள் உலாவச் சென்றபோது ஒரு குடிசைக்குள் அந்தோனியாரின் சரிதையைக் கண்டார்கள். ஒருவர் வாசிக்கத் தொடங்கி, வாசிக்கும்போதே உள்ளம் மாறி, அருகிலிருந்த நண்பரிடம் தம் முடிவைச் சொன்னார். இருவரும் அரச பணியைத் துறந்து அங்கேயே தங்கிவிட்டனர்.

இச்சங்கிலியை எண்ணிப் பார்ப்போம். அந்தோனியார் ஆலயத்தில் மத்தேயு 19:21 வாசிக்கப்படக் கேட்டார். அவர் வாழ்வை அத்தனாசியுஸ் கிரேக்கத்தில் எழுதினார். அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, யாரோ ஒருவர் கையால் திரியர் குடிசையை அடைந்தது. அங்கே வாசித்தவரின் செய்தியைப் பொந்திசியான் மிலானுக்குக் கொண்டுவந்தார். இவ்வளவும் கடந்தே அது அகுஸ்தீனை அடைந்தது.

இதில் பொந்திசியானின் இடம் எது? அந்த இருவரும் தங்கிவிட, தாமும் மற்றொருவரும் தம்மை எண்ணி அழுது, அரண்மனைக்குத் திரும்பிவிட்டதாக அவரே சொல்கிறார். அச்சரிதை கேட்ட அழைப்புக்குத் தாம் அவர்களைப்போல் எழுந்து போகவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அறிஞராகவோ ஆசிரியராகவோ நின்று அவர் பரிந்துரைக்கவில்லை. நூலுக்கு முன்னால் தாழ்ந்து நின்றவராகவே பேசினார். அகுஸ்தீனுக்கு அவர் நூலைக் கொடுத்ததாகக்கூடச் செய்தியில்லை. சொன்னதே போதுமானதாயிற்று.

4. அடுத்த வசனம்

அதன்பின் தோட்டத்தில் நடந்தது யாவரும் அறிந்ததே. பவுலின் நூலைத் திறந்து, ரோமர் 13ஆம் அதிகாரத்தின் இறுதி வசனங்களை அகுஸ்தீன் வாசித்தார். நாம் வகுப்பில் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவோம். நூலோ நிறுத்தவில்லை. விரலையோ வேறெதையோ அடையாளமாக வைத்து ஏட்டை மூடி, நடந்ததை அலிப்பியுஸிடம் அவர் சொன்னார். அலிப்பியுஸ், வாசித்த இடத்தைக் காட்டும்படி கேட்டு, அதற்கு மேலும் வாசித்தார். அடுத்த வசனம் விசுவாசத்தில் பலவீனனைச் சேர்த்துக்கொள்ளுமாறு கூறுவது. அதனைத் தமக்கென்று அவர் ஏற்றுக்கொண்டார். அகுஸ்தீனை மாற்றிய வசனம் அலிப்பியுஸுக்குரியதாக இருக்கவில்லை. தமக்குக் கிடைத்ததைச் சொல்லி நூலைக் கையில் கொடுத்ததோடு அகுஸ்தீனின் பங்கு முடிந்தது.

5. இரு தடைகள்

இங்கே இரு தடைகள் எழலாம். தோட்டக் காட்சி நடந்தவாறே எழுதப்பட்டதா என்பது முதலாவது. பத்தாண்டுகளுக்குப்பின் எழுதிய அகுஸ்தீன் அதனை இலக்கிய வடிவில் அமைத்தார் என்று 1950இல் பியேர் கூர்செல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வாதிட்டார், அவ்விவாதம் நீண்டது. அது எவ்வாறாயினும், தம் மனமாற்றத்தை அகுஸ்தீன் வாசித்தோர் வரிசையாக அமைத்தார் என்பது மாறாது.

இரண்டாவது தடை நம் சபைகளைச் சார்ந்தது. இவர்கள் கல்வியும் ஓய்வும் உடையவர்கள்; வயல்வேலை முடித்துவந்து ஆலயத்தில் அமரும் நம் மக்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். இத்தடை வலியது. ஆயினும் சங்கிலியின் முதற் கண்ணியாகிய அந்தோனியார் பள்ளிக் கல்வியை விரும்பாதவர் என்றே அத்தனாசியுஸ் எழுதுகிறார். அவர் கேட்டார், வாசிக்கவில்லை. போதகர் தாம் உண்மையாக வாசித்ததை வீடு சந்திக்கையிலும் திண்ணையில் அமர்கையிலும் சொல்வாராயின், எழுத்தறியாதாரும் இவ்வரிசையில் சேர்வர். வாசியாத போதகரால் அவர்களும் இழப்படைகின்றனர்.

6. நாம் எழுதிய விடை

தம் இறுதி ஆண்டுகளில் அகுஸ்தீன், தாரியுஸ் என்னும் அரச அலுவலர் கேட்டுக்கொண்டபடி "அறிக்கைகள்" நூலை அவருக்கு அனுப்பினார். அவர் கேளாத வேறு சில நூல்களையும் சேர்த்தனுப்பினார். அந்நூலில் தம்மை உள்ளபடியே காணுமாறும், தமக்காக மன்றாடுமாறும் வேண்டிக்கொண்டார். பரிந்துரை என்பது பரிந்துரைப்பவரையும் வாசகரின் முன் நிறுத்துகிறது என்பதை அவர் இவ்வாறு ஏற்றுக்கொண்டார்.

நான்காம் வாரத்தில் நாமும் நம் மாணவருக்கு எழுதினோம். அவருடைய மடல் வந்தபோது நம் கையில் நூலொன்றும் இல்லை என்பதை முதலில் எழுதினோம். நாற்பது நூற் பட்டியலின் உண்மையையும் மறைக்கவில்லை. இப்போது "அறிக்கைகள்" வாசிக்கிறோம் என்றும், எட்டாம் புத்தகம் நம்மை உறங்கவிடவில்லை என்றும், காலத்தைப்பற்றிய பதினோராம் புத்தகத்தில் இருமுறை தோற்றுத் திரும்பினோம் என்றும் எழுதி, பென்சிலால் கோடிட்ட நம் சொந்தப் பிரதியையே அனுப்பினோம். போதகர்களின் மாதக் கூட்டத்தில் கணக்கும் அறிவிப்பும் தொடங்குமுன், ஒருவர் தாம் வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப்பற்றிக் கால்மணி நேரம் பேசலாமே என்ற யோசனையையும் சேர்த்தோம். வாசியாதவர் வாசிக்கவில்லை என்று சொல்லவும் அங்கே இடமிருக்கவேண்டும்.

இரண்டு திங்களுக்குப்பின் விடை வந்தது. எட்டாம் புத்தகத்தை அவர் இன்னும் எட்டவில்லையாம். நான்காம் புத்தகத்தில், இளமையில் இறந்த நண்பனுக்காக அகுஸ்தீன் அழும் இடத்தில் நின்றுவிட்டாராம். அவ்வாரம் தம் சபையில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனை அடக்கம் செய்திருந்தார். அப்பகுதியை அவனுடைய தோழர்களுக்கு மாலையில் வாசித்துக் காட்டியதாகவும், அவர்களுள் ஒருவன் நூலை வாங்கிச் சென்றிருப்பதால் திருப்பியனுப்பச் சற்றுத் தாமதமாகும் என்றும் எழுதியிருந்தார். அப்பக்கங்களில் நாம் ஒரு கோடும் இட்டதில்லை.