சூரனுடைய தேர் ஏன் கிரிவீதிக்கு வரவில்லை?

கச்சியப்ப சிவாசாரியார் 10,345 பாடல்களில் பாடிய கந்தபுராணத்தில் போர் ஊர்திகளுக்குக் குறைவே இல்லை. சூரபன்மன் சிவனிடம் வரமாகப் பெற்ற இந்திரஞாலத் தேர் ஆகாயத்தில் பறக்கும். பூதப்படையை அப்படியே அள்ளிக்கொண்டு அண்டத்தின் உச்சிக்கே போய் நிற்கும். முருகனுக்கு மனோவேகத் தேர். அதற்கு வாயு பாகன். கணினி விளையாட்டுகளில் வருகிற விண்வெளிப் போர்க்கப்பல்களுக்கு நம் இலக்கியத்தில் இவற்றைவிட நெருங்கிய உறவு எதுவும் தெரியவில்லை. ஆனால் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் பழனியில் நடக்கும் சூரசம்ஹாரத்தில் இந்த இரண்டு தேரையும் காண முடியாது. மலைக்கொழுந்தம்மன் சன்னதியில் வேல் வாங்கிக்கொண்டு உற்சவரான சின்னக்குமாரர் மலையிலிருந்து இறங்குகிறார். மயில் வாகனம் வருகிறது. எதிரே சூரர்கள் நிற்கிறார்கள். ஏட்டில் அவ்வளவு ஆற்றலோடு பறந்த தேர் வீதியில் ஏன் காணாமல் போயிற்று? கற்பனைப் போர் ஊர்தியை வாழவைப்பது அதன் உருவரை. கூட்டத்தின் கடைசியில் நிற்பவனும் பார்த்த மாத்திரத்தில் யார் கட்சி என்று சொல்ல வேண்டும். ஆற்றலைப் பற்றிய வருணனை எவ்வளவு நீண்டாலும் இந்தத் தேவைக்கு உதவுவதில்லை.

பழனி மரபே இதற்குச் சான்று. மலையைச் சுற்றும் கிரிவீதிகளில் வடக்கில் யானைமுகத் தாரகன், கிழக்கில் பானுகோபன், தெற்கில் சிங்கமுகன், மேற்கில் சூரபன்மன் என்று வீதிக்கு ஒரு சூரனாக வதம் நடக்கிறது. புராணத்துச் சிங்கமுகனுக்கு ஆயிரம் முகம், இரண்டாயிரம் கை. பொம்மை செய்பவர் அவ்வளவையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு சிங்கமுகத்தை வைக்கிறார். ஆயிரம் முகத்தையும் செதுக்கியிருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் புடைப்பாகத்தான் தெரிந்திருக்கும். திருச்செந்தூர் வழி வேறு. அங்கே கடற்கரைதான் களம். ஒரே சூரன் யானைமுகம், சிங்கமுகம், சொந்தமுகம் என்று தலையை மாற்றிக்கொண்டு வருகிறான். யாழ்ப்பாணத்துச் சூரன்போரில் இந்த உருமாற்றமே கலையின் உச்சம். தோளில் சுமப்பவர்கள் சூரனை ஆட்டி, ஓட்டி, சுழற்றுகிறார்கள். மாமரமும் சேவலும் மயிலும்கூடக் களத்துக்கு வந்துவிடுகின்றன. முருகன் சினம் தணிந்த தலம் என்பதால் திருத்தணியில் சூரசம்ஹாரமே கிடையாது. இந்த வழிகளில் எது உயர்ந்தது என்று கேட்டால், இடத்தை உருவத்தோடு பிணைத்த பழனி வழியைத்தான் சொல்வேன். மலையைச் சுற்றி நான்கு வீதி வாய்த்த ஊருக்குத் தலை மாற்றும் தந்திரம் தேவைப்படவில்லை.

பக்தியைப் பொம்மைக் கணக்காகக் குறைப்பதா என்று ஒருவர் கேட்கலாம். வடிவத்தைப் பேசுவது பக்தியைக் குறைப்பதாகாது. வடிவம் சரியாக அமைந்ததால்தான் அது லட்சம் பேரைச் சென்றடைகிறது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தைப்பூசத்துக்கு ரதவீதியிலும் பங்குனி உத்திரத்துக்குக் கிரிவீதியிலும் தேர் ஓடுகிற ஊரில் சூரனுக்கு ஒரு தேர் செய்வது என்ன கஷ்டம்? செய்துவிடலாம், ஆனால் தேர் என்றால் அது சுவாமியுடையது என்று பழகிய கண்ணுக்கு எதிரியின் தேரைப் பிரித்துக் காட்ட வழியில்லை. சக்கரம், தட்டு, விமானம் என்று எல்லாத் தேருக்கும் ஒரே உருவரைதான். மயிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது மாமரமாக நின்ற சூரனை வேல் பிளந்ததில் பிறந்த பாதி. அதாவது எதிரியே ஊர்தியாகிறான். அதன் தோகையை வேறெதுவாகவும் எண்ணிக் குழம்ப முடியாது.

கணினி விளையாட்டு வடிவமைப்பாளர்களும் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். 1984இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் உருவாக்கிய ‘எலீட்’ விளையாட்டு 32 கேபி நினைவகம் உள்ள பிபிசி மைக்ரோவில் ஓட வேண்டியிருந்தது. கப்பல்கள் வெறும் கோடுகளால் ஆனவை. மறைந்த பக்கத்துக் கோடுகளை எளிதாக நீக்க, உட்குழிவு இல்லாத உருவங்களாகவே அவற்றை அமைத்தார்கள். பட்டை தீட்டிய கல் போன்ற அந்த வடிவமே பிறகு அந்த விளையாட்டின் முத்திரையாகிவிட்டது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி 2003இல் வெளிவந்த ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டில் நினைவகத் தட்டுப்பாடு இல்லை. ஆனாலும் அதன் நான்கு இனங்களுக்கும் தனித்தனி உருவ இலக்கணம் வகுத்தார்கள். அமார் கப்பல் பொன்னிறம், மின்மதார் கப்பல் துருப்பிடித்த ஒட்டுவேலை. பீரங்கி எத்தனை என்று எண்ணுவதற்கு முன்பே எந்தக் கூட்டம் வருகிறது என்று தெரிந்துவிடும். கிரிவீதியில் யானைமுகமும் சிங்கமுகமும் செய்கிற வேலை இதுவே. இன்றைய விளையாட்டுகள் சிலவற்றில் கப்பலின் மேற்பரப்பு முழுக்க நுணுக்கங்களை அப்பி, எந்தக் கப்பலும் எந்தக் கப்பலாகவும் தெரிகிற அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆயிரம் முகத்தையும் செதுக்குகிற பிழைதான் அது.

ஊர்தியின் வடிவத்தில் நிலத்துக்கும் பங்குண்டு. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு முன்னால் மட்டுமல்லாமல் பின்னாலும் வடம் கட்டுகிறார்கள். சரிவான மலைவீதியில் முன்வடம் தேரை இழுக்கும். இறக்கத்தில் அது ஓடிவிடாமல் பின்வடம் பிடித்து நிறுத்தும். மனோவேகத் தேருக்கு அந்த வடம் தேவைப்பட்டதாகப் புராணம் சொல்லவில்லை. பூம்பாறைத் தேர் மரத்தால் ஆனது, அதற்குத் தேவைப்படுகிறது.