பார்ட்டி யாருடையது?

வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகளுக்குக் குறைவில்லை. நூல் வாங்குகிறவர்கள்தான் வெளியூர்க்காரர்கள்: கரூர், திருப்பூர், சோமனூர், அதற்கும் அப்பால் இச்சல்கரஞ்சி, பிவண்டி. இரண்டு தரப்புக்கும் நடுவே நெடுங்காலமாக நிற்பவர் நூல் ஏஜெண்ட். அவரை மட்டும் நம்பியிராமல், புதிய பார்ட்டிகளை, அதாவது நூல் வாங்குகிறவர்களைப் பிடிக்க ஆலைகள் சம்பளத்துக்கு மார்க்கெட்டிங் ஆள் எடுப்பதும் உண்டு.

அதில் நியாயம் இருக்கிறது. ஏஜெண்ட் பல ஆலைகளின் நூலை விற்பவர். துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தாலோ, நூலின் பருமனைக் காட்டும் கவுன்ட் ஏறி இறங்கினாலோ, கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துப் பேசி முடித்துவிடுவார்; மறுமுறை வேறு ஆலையின் நூலைக் காட்டுவார். பிழை எங்கே நடந்தது என்பது ஆலைக்குத் தெரியாமலே போகும். சொந்த ஆளாக இருந்தால் அந்தத் துணித்துண்டையும் மீந்த கோனையும் கையோடு லேபுக்குக் கொண்டுவருவார். எந்த மிக்ஸிங், எந்த மெஷின் என்று தேடிப் பிடிக்கலாம். விற்பனையைவிட இந்தத் தகவலுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

கோளாறு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது. "திருப்பூரில் நல்ல தொடர்பு உள்ளவர் தேவை" என்று கேட்பது, போட்டி ஆலையின் பார்ட்டிகளை ஆளோடு சேர்த்து இழுப்பதுதான். ஆளுக்காக வந்த பார்ட்டி ஆளோடு போய்விடும். விலகியபின் இன்னொரு ஆலையில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினாலும், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுக்கு முன் அந்த நிபந்தனை செல்லாது.

இன்சென்டிவைக் கிலோக் கணக்கில் வைப்பது அடுத்த தவறு. கடனுக்குக் கொடுத்தால் நூலை யாரும் விற்கலாம், வசூல்தான் வேலை. 2022 மே மாதத்தில் ஒரு கண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பிறகு விலை சரிந்தது. இப்படிச் சரியும்போது பழக்கமில்லாத பார்ட்டிதான் முதலில் சரக்கை எடுக்காமல் தள்ளிப்போடுவார், பாக்கியையும் இழுத்தடிப்பார். 45 நாளுக்குள் பணம் தரச் சொல்லும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான் துணை. பெரிய ஆலைகளுக்கு அந்தப் பிடி இல்லை. தான் கொண்டுவந்த பார்ட்டியின் பாக்கிக்கு நல்ல ஏஜெண்ட் பதில் சொல்வார். மாதச் சம்பளக்காரரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பணம் வந்துசேர்ந்த பிறகே இன்சென்டிவ் என்று வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஆளை வெளியே தேடுவதைவிட, ஆலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இருப்பவரையே அனுப்பலாம். பேரம் பேசத் தெரியாமல் ஆரம்பத்தில் தடுமாறுவார். வடக்கே போக இந்தி வேறு வேண்டும். ஆனால் நிட்டிங் மாஸ்டர் குறை சொன்னால் அவருக்குப் புரியும். புதிய பார்ட்டி முதலில் சாம்பிள் கோன் கேட்பார். ஓட்டிப் பார்த்து, சாயம் ஏற்றிப் பார்த்து, சின்ன லாட் எடுத்து, அதன் பிறகே ஆர்டரை நிரந்தரமாக்குவார். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் மாதமே டார்கெட் கேட்கிற ஆலை ஏஜெண்ட்டையே வைத்துக்கொள்ளலாம். நூல் விற்றால்தான் அவருக்குக் கமிஷன்.