ஊரை அளக்கும் கோல்

இரண்டு பித்தளைத் தண்டுகளில் எது நீளமானது என்று கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் போதும். இரண்டு ஊர்களில் எதில் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று கேட்டால் எந்தக் கோலை எடுப்பது? பெருநகரங்களைப் பற்றி இக்கேள்வியைக் கேட்பவர்கள் பலர். வருமானம் குன்றி, இளைஞர்கள் வெளியேறி, கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் நாட்டுப்புறச் சிற்றூர்களைப் பற்றிக் கேட்டவர்கள் சிலரே. ஆனால், விடை மிகவும் தேவைப்படுவது இவ்வூர்களுக்குத்தான். பள்ளியை மூடுவதா, மருத்துவமனையை வைத்துக்கொள்வதா என்னும் முடிவுகள் பல வேளைகளில், 'இந்த ஊர் தேறுமா, தேறாதா' என்று எங்கோ உட்கார்ந்து போட்ட கணக்கை ஒட்டியே எடுக்கப்படுகின்றன.

இத்தகைய ஒப்பீடுகளில் இரண்டை இங்கே ஆராய்வோம். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. செல்வம் கொழிக்கும் நாட்டில் நலிந்த ஊர்களா என்று வியக்கவேண்டாம். அங்கும் அவை ஏராளம். சமூகவியல் எனக்குத் தொழில் அன்று; நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே, ஆய்வுக்கூடத்தில் மாணவரின் குறிப்பேட்டைத் திருத்தும்போது கேட்கும் கேள்விகளையே இவ்வாய்வுகளிடமும் கேட்கிறேன். எதை அளந்தாய்? எதை மாறாமல் வைத்திருந்தாய்? உன் அளவுகோல் சரியானதுதானா?

ஆர்வினும் டினூபாவும்

முதல் ஆய்வு 1944ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் நடந்தது. நடத்தியவர் வால்ட்டர் கோல்ட்ஷ்மிட் என்னும் மானிடவியல் அறிஞர். அவர் அப்போது அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிவந்தார். ஆய்வுக்குப் பின்னணியில் ஒரு பெரிய வழக்கு இருந்தது. அரசுச் செலவில் கட்டிய அணையின் நீர் ஒரு நில உரிமையாளருக்கு 160 ஏக்கர் வரைதான் வழங்கப்படும் என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. புதிய பாசனத் திட்டம் வந்துகொண்டிருந்த அப்பள்ளத்தாக்கிலோ ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த பண்ணைகள் பல. வரம்பை நீக்கச் சொன்னார்கள் பெருநிலக்காரர்கள். பண்ணையின் அளவு பெரிதானால் அதைச் சார்ந்த ஊருக்கு என்ன ஆகும் என்று அறிவது அவசியமாயிற்று.

கோல்ட்ஷ்மிட் இரண்டு ஊர்களைத் தேர்ந்தார். டினூபாவில் சராசரிப் பண்ணை 57 ஏக்கர். ஆர்வினில் 497 ஏக்கர். விளைபொருளின் ஆண்டு மதிப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, சுமார் 25 இலட்சம் டாலர். டினூபாவில் சுற்றுப்புறத்தையும் சேர்த்து சுமார் 7,400 பேர்; ஆர்வினில் சுமார் 6,200 பேர். வயல் தரும் பணம் சமம், பண்ணையின் அளவு மட்டும் வேறு என்பது அவர் வகுத்த சோதனை.

பிறகு அவர் செய்தது மிக எளிய காரியம். எண்ணினார். சிறு பண்ணைகளின் ஊராகிய டினூபாவில் வணிக நிலையங்கள் 62, ஆர்வினில் 35. ஓராண்டுச் சில்லறை வணிகம் டினூபாவில் 43,83,000 டாலர்; ஆர்வினில் 25,35,000 டாலர். டினூபாவில் நான்கு தொடக்கப்பள்ளிகளும் ஓர் உயர்நிலைப்பள்ளியும் இருந்தன. ஆர்வினில் ஒரே ஒரு தொடக்கப்பள்ளி. டினூபாவில் பூங்காக்கள் மூன்று. ஆர்வினில் விளையாட்டுத் திடல் ஒன்று, அதுவும் ஒரு நிறுவனம் இரவலாகக் கொடுத்தது. செய்தித்தாள் அங்கே இரண்டு, இங்கே ஒன்று. தளமிட்ட தெரு, நடைபாதை, கழிவுநீர் வசதி எல்லாவற்றிலும் டினூபாவே முன்னால் நின்றது. உழைத்துச் சம்பாதிப்போரில் நிலமற்ற பண்ணைக் கூலிகள் டினூபாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆர்வினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

இந்த எண்ணிக்கைப் பட்டியலை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில், கோல்ட்ஷ்மிட் இவற்றையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக ஆக்கவில்லை. அண்மைக் காலத்து வழக்கம் அப்படி அன்று. நம் நாட்டில் 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'எளிதான வாழ்க்கைக் குறியீடு' 111 நகரங்களுக்கு மதிப்பெண் போட்டது. அதில் வாழ்க்கைத் தரத்துக்கு 35 பங்கு, பொருளாதாரத் திறனுக்கு 15 பங்கு, நீடித்து நிற்கும் தன்மைக்கு 20 பங்கு, மக்களின் கருத்துக்கு 30 பங்கு. 35க்குப் பதில் 25 என்று வைத்தால் வரிசை மாறலாம். மீட்டரையும் கிலோகிராமையும் கூட்டினால் நம் மாணவனுக்குச் சுழியம் போடுகிறோம். பள்ளியையும் சாக்கடையையும் கூட்டினால் குறியீடு என்கிறோம்! தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் ஒன்றுகூட அந்த 111இல் இல்லை என்பது வேறு செய்தி. டினூபாவின் பட்டியலைப் படிப்பவர், எந்த வரி தமக்கு முக்கியம் என்று தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆனால் சோதனை சரியானதா? தனி ஊசல் சோதனையில் நூலின் நீளத்தை மட்டும் மாற்றி அலைவு நேரத்தைப் பார்க்கிறோம். நூலை நீட்டும்போதே, சோதனைக்கூடத்தையும் மலையுச்சிக்கு மாற்றிவிட்டால், அலைவு நேரம் கூடியதற்கு நூல் காரணமா, குறைந்த ஈர்ப்பு முடுக்கம் காரணமா என்று சொல்ல முடியாது. ஆர்வின், டினூபா ஒப்பீட்டில் பல மாறிகள் ஒன்றாக மாறியிருந்தன. 1984இல் மைக்கேல் ஹேய்ஸ், ஆலன் ஓல்ம்ஸ்டெட் என்னும் இருவர் இதை எடுத்துக்காட்டினார்கள். டினூபா 1888இல் தோன்றிய பழைய ஊர். அதே ஆண்டில் அமைந்த பாசன வட்டாரத்தின் மூலம் ஆற்று நீர் அதற்குக் கிடைத்தது. ஆர்வின் இருபதாம் நூற்றாண்டில் முளைத்தது. அங்கே நீர் நிலத்தடியில் வெகு ஆழத்தில் இருந்தது. கிணறு தோண்டவும் நீரை மேலேற்றவும் பெருமுதல் தேவைப்பட்டது. முதல் உள்ளவனே அங்கு உழவு செய்ய முடியும் என்றால், பெரிய பண்ணை அங்கே காரணமா, விளைவா? மேலும் டினூபா 1906லேயே தனி நகராட்சி ஆகிவிட்டது. ஆர்வினுக்கு அந்த உரிமை 1960இல்தான் கிடைத்தது. தெருவுக்குத் தளமிடும் அதிகாரமே இல்லாத ஊரில் தளமிட்ட தெரு குறைவாக இருந்ததற்குப் பண்ணைகளை மட்டும் குற்றம் சொல்லலாமா?

இந்தக் கண்டனம் வலுவானது. எனினும், அது எதைத் தகர்க்கிறது, எதைத் தகர்க்கவில்லை என்று பிரித்துப் பார்க்கவேண்டும். 'ஏன்' என்ற கேள்விக்கு கோல்ட்ஷ்மிட் தந்த விடை ஐயத்துக்கு உள்ளாகிறது. இரண்டே ஊர்களை வைத்து அந்த விடையை நிறுவ இயலாது. ஆனால் 'என்ன' என்ற விடை அப்படியே நிற்கிறது. காரணம் நீராயினும் நிலமாயினும், 1944இல் ஆர்வின் சிறுவனுக்குத் தன் ஊரில் உயர்நிலைப்பள்ளி இல்லை.

இரண்டு ஊர்கள் போதா என்பது கோல்ட்ஷ்மிட்டுக்குத் தெரியாதது அன்று. பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களையும் ஆராயும் இரண்டாம் கட்டம் திட்டத்தில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, அது நிறுத்தப்பட்டது. முதல் கட்ட அறிக்கையையும் வேளாண்மைத் துறை வெளியிடவில்லை. 1946இல் செனட் சபையின் சிறுதொழில் குழுதான் அச்சிட்டது. சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு, 'உன் அளவீடுகள் போதவில்லை' என்று சொல்வது எளிது. 160 ஏக்கர் வரம்போ, 1982இல் 960 ஏக்கராக உயர்த்தப்பட்டது.

சுருங்கும் ஊர்கள்

இரண்டாவது ஆய்வு அயோவா மாநிலத்தைச் சேர்ந்தது. மக்காச்சோளம் விளையும் சமவெளி அது. 1900இல் அங்கே 22,31,853 மக்கள். 2020இல் 31,90,369 பேர். அதே காலத்தில் அமெரிக்க மக்கள்தொகை நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. வட்டிவிகிதம் ஏறி, நிலவிலை சரிந்து, கடன்பட்ட உழவர்கள் நிலத்தை இழந்த 1980களில் மட்டும் அயோவா சுமார் 1,37,000 பேரை இழந்தது. இயந்திரம் பெரிதாகப் பெரிதாக, அதே நிலத்துக்குக் குறைந்த குடும்பங்கள் போதும். குடும்பங்கள் குறைந்தால் பள்ளிப்பிள்ளைகள் குறைவர். பள்ளி அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைக்கப்படும். பிள்ளையை அங்கே விடப் போகிறவர் மளிகையையும் அங்கேயே வாங்கிவருவார்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1994இல் மாவட்டத்துக்கு ஒன்றாக 99 சிற்றூர்களைத் தேர்ந்தனர். 500 முதல் 10,000 வரை மக்கள் வாழும் ஊர்கள் இவை. (நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,000 பேருக்குக் குறைந்தால் பொதுவாக நகர்ப்புறம் என்ற பெயரே கிடையாது, 500 பேர் வாழும் இடத்தை நாம் குக்கிராமம் என்போம்.) குலுக்கல் முறையில் எடுத்த வீடுகளுக்கு வினாத்தாள் அனுப்பினார்கள். வேலை, மருத்துவம், பள்ளி, வீட்டுவசதி, ஊராட்சிப் பணிகள் முதலியவை உங்கள் ஊரில் எப்படி இருக்கின்றன என்று கேட்டார்கள். 2004லும் 2014லும் அதே ஊர்களில் மீண்டும் கேட்டார்கள். இம்முடிவுகளை ஆராய்ந்து டேவிட் பீட்டர்ஸ் என்னும் சமூகவியல் பேராசிரியர் 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் கண்டது சுவையானது. மக்கள்தொகை குறைந்த ஊர்களில் சிலவற்றில் வாழ்க்கைத் தரம் உயர்ந்திருப்பதாக அவ்வூரார் கூறினர். அவர் இவற்றைத் திறமையாகச் சுருங்கும் ஊர்கள் என்கிறார். 'சமர்த்தாகச் சுருங்குகின்றன' என்று நாம் சொல்லலாம். அதே அளவு மக்களை இழந்த வேறு ஊர்களில் தரம் தாழ்ந்துகொண்டே போயிற்று. வேறுபாடு எங்கே? சமர்த்தான ஊர்களில் மக்கள் பொதுக்காரியங்களில் மிகுதியாகப் பங்கெடுத்தனர், சங்கங்கள் உயிரோடு இருந்தன, ஒருவரையொருவர் நம்பினர், புதியவரை விலக்கவில்லை. தலை எண்ணிக்கை குறைந்தால் ஊர் செத்தது என்ற பழைய கணக்கு இதனால் ஆட்டங்காண்கிறது.

கோல்ட்ஷ்மிட்டிடம் இல்லாத இரண்டு பலங்கள் இதற்கு உண்டு. ஊர்கள் இரண்டல்ல, தொண்ணூற்றொன்பது. அன்றியும், ஓர் ஊரை அதன் சொந்தப் பழைய நிலையோடு ஒப்பிடுவதால் மண், நீர், பிறந்த ஆண்டு போன்ற மாறிகள் தாமே நீங்கிவிடுகின்றன.

ஆனால் அளவுகோல்? பித்தளைத் தண்டைப் பித்தளைக் கோலால் அளந்துகொண்டு, இரண்டையும் சேர்த்தே சூடாக்கிப் பாருங்கள். தண்டு நீளும், கோலும் அதே விகிதத்தில் நீளும், அளவு மாறவே மாறாது. மனிதரின் மனநிறைவு இத்தகைய கோல். மருத்துவர் இல்லாத ஊரில் பத்தாண்டு வாழ்ந்தவர் மருத்துவரை எதிர்பார்ப்பதையே விட்டுவிடுகிறார். அப்போது 'மருத்துவ வசதி எப்படி?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்பார். அந்தப் பரவாயில்லையில் உயர்ந்தது வசதியா, தாழ்ந்தது எதிர்பார்ப்பா?

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே 100 பேர். 60 பேர் தம் ஊருக்குப் பத்துக்கு 7 மதிப்பெண் தருகிறார்கள்; 40 பேர் 3 தருகிறார்கள். சராசரி 5.4. மனம் கசந்த 40 பேரில் 30 பேர் ஊரைவிட்டுப் போய்விட்டனர். இருப்பவர் 70 பேர், சராசரி 6.4 ஆகிவிடுகிறது. எவருடைய வாழ்விலும் ஒரு மாற்றமும் இல்லை. குழாயில் தண்ணீர் கூடவில்லை, பேருந்து கூடவில்லை. ஊரின் வாழ்க்கைத் தரம் மட்டும் உயர்ந்துவிட்டது! ஊர் சுருங்குவதே இங்கே சராசரியை உயர்த்துகிறது.

இந்த ஒன்றைக் கொண்டு ஆய்வையே தள்ளிவிடுவது முறையன்று. ஒரே அளவு சுருங்கிய வேறு ஊர்களில் மதிப்பெண் குறைந்ததே, அதை இந்தக் கணக்கு விளக்காது. ஆகவே, சமர்த்தான ஊர்களில் வேறு ஏதோ நடந்திருக்கவேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். எவ்வளவு நடந்தது என்பதைத்தான் ஏற்கத் தயங்குகிறேன். மக்கள் கூடி உழைத்ததால் ஊர் நன்றாயிற்றா, ஊர் நன்றாக இருந்ததால் மக்கள் கூடினரா என்பதும் வினாத்தாளால் மட்டும் தீரக்கூடியதன்று. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 'உங்கள் ஊரில் ஒற்றுமை இருந்தால் போதும், ஆளும் பணமும் வேண்டாம்' என்று சொல்ல, செலவைக் குறைக்க விரும்பும் எந்த அரசுக்கும் இம்முடிவு வசதியானது. பீட்டர்ஸ் அப்படிச் சொல்லவில்லை, சொல்பவர்கள் வருவார்கள்.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் ஒன்றின் குறை மற்றொன்றின் நிறையாக இருப்பது தெரியும். கோல்ட்ஷ்மிட் பொருள்களை எண்ணினார், மனத்தைக் குறைவாகக் கேட்டார். அயோவாவினர் மனத்தைக் கேட்டனர். இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எண்ணிக்கையின் பக்கம். சூட்டில் நீளாத கோல் அது.

நம் ஊர்களில் இதைச் செய்ய முனையும் மாணவர்கள் அட்டவணையில் இரண்டு பத்திகள் வரைந்துகொள்ளட்டும்: இன்று, பத்தாண்டுகளுக்கு முன்பு. நாளொன்றுக்கு வந்துபோகும் பேருந்துகள், வாரத்தில் குடிநீர் வரும் நாள்கள், பிரசவத்துக்குச் செல்லவேண்டிய தொலைவு, பள்ளியில் எந்த வகுப்பு வரை உண்டு என்பவற்றை எழுதலாம். பிறகு ஊராரிடம் கருத்துக் கேட்கலாம். அயோவா வினாத்தாள் எட்டாத ஒரு கூட்டத்தாரையும் விட்டுவிடக்கூடாது. திருப்பூருக்கோ சென்னைக்கோ குடிபெயர்ந்தவர்கள் பொங்கலுக்கு ஊர் வருவார்கள். அந்த மூன்று நாள்களில் அவர்களிடமும் அதே வினாத்தாளைக் கொடுத்து, பதில்களைத் தனிப் பத்தியில் எழுதவேண்டும். ஊரில் இருப்பவர்களின் சராசரியோடு கலக்கக்கூடாது.