முதலில் புரட்டிப் பாருங்கள்

கையால் தைத்த விரிப்பு ஒன்றை யாராவது கொடுத்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். "அட, நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டு, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். தைத்துக் கொடுத்தது எங்கள் பெரியம்மா. பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கத்துக் கிராமம், எழுபது வயது. இன்னமும் ஊசியில் நூலைத் தானே கோப்பவர். அடுத்த முறை வந்தபோது பீரோவைத் திறந்து பார்த்தார். "ஏன்டா, இதை என்ன நகைன்னு நெனச்சியா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்து, தரையில் உதறி, குப்புறப் போட்டார். விரிப்பைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

முன்பக்கத்தை விடுங்கள். அது பார்ப்பவர்களுக்கென்று தைத்தது. பின்பக்கத்தில் முதலில் முடிச்சைத் தேடுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் தைத்தவர் கைகாரர். ஊசியை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்து, முடிச்சை இரண்டு துணிக்கு நடுவே ஒளித்திருப்பார். அடுத்து நூல் மாறும் இடம். கை நீளத்துக்கு மேல் நூல் கோத்தால் சிக்கு விழும். அதனால் ஒவ்வொரு வரியிலும் எங்காவது ஒரு நூல் முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கும். என் விரிப்பில் ஒரு வரி பச்சையில் கிளம்பி, பாதியில் ஊதாவாகிவிடுகிறது. அன்றைக்கு நூல்கண்டு வாங்கி வர ஆள் கிடைக்கவில்லையாம். தையலின் அளவையும் பாருங்கள். காலையில் போட்டது பொடிப்பொடியாக இருக்கும். பொழுது சாய்ந்த பின் போட்டது கொஞ்சம் நீளும். கண் தெரியாத நேரத்தில் கை அவசரப்பட்டிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நூல் சேலை ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலம். நீளவாக்கில் மூன்றாக மடித்தால் 1.8 மீட்டருக்குச் சற்று மேலே வரும், அதாவது ஆறடி. காலை நீட்டி ஒரு ஆள் படுக்கலாம். ஒரு சேலை, மூன்று அடுக்கு, ஒரு ஆள். யார் இப்படி அளந்து வைத்தார்களோ! விரல் அகலம் விட்டு, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வரி என்று ஓட்டினால் 60 வரி. மொத்தம் 110 மீட்டர் தையல். சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்று தாராளமாக வைத்தாலும் ஊசி 11,000 தடவை ஏறி இறங்க வேண்டும். சமையல், ஆடு மாடு, நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் இடையில் இது நடக்கிறது.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். இரண்டு தையல் வரிகளுக்கு நடுவே துணி லேசாக உப்பி, அலை அலையாகக் கையில் படும். அந்த உப்பலுக்குள் நிற்கும் காற்றுதான் மார்கழிப் பனிக்குக் கதகதப்பு. நூலை அதிகமாக இழுத்திருந்தால் துணி சுருண்டு முண்டு முண்டாக இருக்கும், படுத்தால் முதுகு சொல்லிவிடும். மிஷினில் அடித்தது அழுத்தமாக, தட்டையாக இருக்கும். குறை என்று சொல்லவில்லை, அது வேறு பண்டம்.

தமிழகத்தில் பருத்தி அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் ஒன்று. ஆனாலும் பெரியம்மா உள்ளே பஞ்சு வைப்பதில்லை. பஞ்சு வைத்தால் துவைக்க முடியாது, ஒரு மூலையில் போய்த் திரளும், சித்திரை வெயிலில் அதில் எவன் படுப்பான் என்பார்.

அடுத்தது, மடித்த சேலையின் மேல் ஒட்டுப்போட்ட துணி. இதில்தான் நேரம் போவதே தெரியாது. ஒரே சேலையில் வெட்டிய துண்டுகள் மூன்று விதமாக இருக்கும். இடுப்பில் உள்ளே செருகியே இருந்த முனை வெயில் காணாதது. கடையில் வாங்கிய நாளின் அரக்கு அப்படியே இருக்கும். தோளில் கிடந்த பகுதி வெளுத்து இளஞ்சிவப்பாகியிருக்கும். உட்கார்ந்து எழுந்த இடம் நைந்துபோய், இன்னொரு ஒட்டின் அடியில் போயிருக்கும். எங்கள் பக்கத்து விரிப்புகளில் கட்டம்போட்ட சட்டைத்துணியும் நிறைய வரும். பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். முதுகு வெளுத்து முழங்கை கிழிந்த பிறகு அந்தச் சட்டை விரிப்புக்கு வந்துசேரும்.

ஒரு வேடிக்கை: கரிசலில் குனிந்து பருத்தி எடுக்கும் அந்தப் பெண்கள் கட்டியிருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் சேலை. மலிவு, சீக்கிரம் காயும். ஆனால் வேர்வையை உறிஞ்சாது, ஊசிக்கும் வழுக்கும். விவரமானவர்கள் அதை நடு அடுக்கில் மறைத்து, மேலும் கீழும் நூல் துணி கொடுப்பார்கள். இரண்டு விரலால் கசக்கிப் பாருங்கள், உள்ளே சரசரப்பது கேட்கும். பட்டு ஒட்டைக் கண்டால் மயங்கிவிடாதீர்கள். ஜெயங்கொண்டம் பக்கம் இலையூர், வாரியங்காவலில் பட்டுத் தறிகள் உண்டு, பழம்பட்டுக்குப் பஞ்சமில்லை. பளபளப்பாகத்தான் இருக்கும். பத்துத் துவைப்புக்குள் ஜரிகை ஓரமாக இற்றுப்போகும்.

நம் ஊரில் ஒட்டுத்துணி வேலைக்குப் பெருமை என்று கிடைத்தது தேரில்தான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தேர்ச்சீலைகளும் உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் துணிமேல் துணி வைத்துத் தைத்தவைதான், ஆனால் சாமிக்கு. மனிதன் படுக்கும் விரிப்பை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. மற்ற ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி விரிப்பு ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். நான்கு மூலையிலும் பூப்போல ஒரு துணிமடிப்பு வைக்காவிட்டால் அது அம்மணமாக நிற்கிறது என்பார்களாம். வங்காளத்துக் காந்தாவுக்கு முன்பெல்லாம் பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவிக்கொள்வார்கள். பீகாரில் சுஜனி, பிறந்த குழந்தைக்கென்றே பழந்துணியில் தைப்பது. இது நமக்கும் புரியும். இங்கேயும் பிள்ளை பிறந்தால் பாட்டியின் பழஞ்சேலையைத்தான் தேடுகிறோம். நூறு முறை துவைத்ததில் கஞ்சியும் சாயமும் போய், பச்சை உடம்பை உறுத்தாமல் இருக்கும். அந்தக் கிழவியின் ஆயுசும் ஒட்டிக்கொள்ளட்டும் என்ற ஆசையும் உண்டு.

தெரிந்தவர்களுக்குத் தைப்பதில் கவனம் தானாக வரும். முகம் தெரியாதவருக்குத் தைத்ததை ரசிக்கத்தான் கண் கொஞ்சம் கூர்மையாக வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்தது நினைவிருக்கிறதா? எல்லாம் நல்ல மனதோடு அனுப்பியவைதான். கொடுத்தவர்கள் பீரோவைக் காலி செய்தார்கள், வாங்க வேண்டியவர்கள் தொடவில்லை. டெல்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு உடுத்தத் தகாத துணியைப் பிரித்துத் தைத்து விரிப்பாக்கித் தருகிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே பழந்துணிதான், நடுவில் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தானம் கொடுக்கும் விரிப்பில் நான் பார்ப்பது ஓரத்தை. ஓரம் இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்திருந்தால், தைத்தவர் தன் மகளுக்குச் செய்வதுபோல் செய்திருக்கிறார். வெட்டிய விளிம்பு பிசிறாகத் தொங்கினால், தள்ளிவிட்டால் போதும் என்று செய்தது. நிறம் பொருந்தவில்லை என்பதெல்லாம் எனக்குப் பெரிய குறையே இல்லை.

பெரியம்மா போன வருஷம் ஒன்று தைத்தார். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்றுவிட்டு அங்கேயே படுக்கும் ஒரு அம்மாவுக்கு. காக்கிச் சட்டைத்துணி ஒரு ஒட்டு, அதில் பாக்கெட் அப்படியே இருந்தது. பிரிக்க மறந்துவிட்டார் என்று நினைத்து, "இதை எடுத்துடட்டுமா?" என்றேன். கத்தரிக்கோலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். உற்றுப் பார்த்தால் தையல் வரிகள் எல்லாம் பாக்கெட் வாய்க்குப் பக்கத்தில் வந்து, வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தன. தலைமாட்டில் வருகிற மாதிரி அளந்து வைத்திருக்கிறார்.

தை மாதம் அந்தப் பக்கம் போனபோது, விடியக்காலையில் அந்த அம்மா விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டும் முன் பாக்கெட்டில் கையை விட்டு எடுத்தார்: ஒரு மூக்குக்கண்ணாடி, நூலில் கட்டிய ஒரு சாவி, வெற்றிலைப் பொட்டலம்.